பாட்டி பொய் சொல்லவில்லை

மதியம் ஒரு மணிக்கு ரசம் சோறும் கீரைக் கூட்டும் சாப்பிட்டுக் கை கழுவியவர்தான் அந்தப் பாட்டி. இரண்டு மணிக்கு வாசலில் வந்து உட்கார்ந்து, தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு, "காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல, ஒரு வாய்ச் சோறு போட ஆளில்ல" என்கிறார். கேட்பவருக்கு மனம் இளகுகிறது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் மருமகளின் காதிலும் அது விழுகிறது. அடுத்த வாரத்துக்குள் அந்தத் தெருவுக்கே அவள் கொடுமைக்காரி. அடுத்த மாதம் தோட்டைக் காணோம் என்று பாட்டி தேடுவார். அவரே துணியில் சுருட்டி அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்தியதாக இருக்கும். அதற்குள் மருமகள் திருடியும் ஆகியிருப்பாள்.

தமிழ்நாட்டில் இந்தக் காட்சி நடக்காத தெரு குறைவு. பாட்டி பொய் சொல்லவில்லை. மருமகள் பட்டினி போடவும் இல்லை. சாப்பிட்டது பாட்டியின் மூளையில் பதியவே இல்லை. மூளையின் இரு பக்கமும், காதுக்கு நேர் உள்ளே, கடற்குதிரை வடிவத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது; ஹிப்போகாம்பஸ் என்று பெயர். இன்று நடப்பதை நாளைக்கு நினைவாக எடுத்துவைப்பது அதன் வேலை. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் கைவைப்பது அங்கேதான். அதனால்தான் தன் கல்யாணத்துக்கு எத்தனை வண்டி கட்டி வந்தார்கள் என்று பிசகாமல் சொல்கிறவருக்கு, ஒரு மணி நேரத்துக்கு முன் தின்ற சோறு தெரிவதில்லை. பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறதே, பிறகென்ன மறதி நோய் என்று வீட்டார் ஏமாறுவதும் இதனால்தான்.

மருத்துவர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். பத்திரிகைகள் மறதி நோய் என்றும் முதுமறதி என்றும் எழுதுகின்றன. ஈழத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்ற வழக்கு உண்டு. இந்தப் பக்கம் வீடுகளில் அதிகம் கேட்பது வேறு ஒன்று: "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." பரிவோடு சொல்லப்படும் இந்த வாக்கியம்தான் அதிகக் கெடுதல் செய்கிறது. அதைச் சொன்ன பிறகு டாக்டரிடம் போக வேண்டிய காரணமே இல்லாமல் போய்விடுகிறது.

வயதின் மறதி வேறு, நோயின் மறதி வேறு. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பிப் போவது வயது. நாற்பது வருடம் வைத்த ரசத்துக்குப் புளியைக் கரைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று அடுப்படியில் திகைத்து நிற்பது நோய். பக்கத்துத் தெரு ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது நோய். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் பால்காரருக்குச் சில்லறை எண்ணித் தர முடியாமல் கோபப்படுவதும் அப்படித்தான். அன்றாடம் செய்துவந்த வேலையைச் செய்ய முடியாமல் போவது, அதுவும் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போவது: கவனிக்க வேண்டியது இதை.

ஒரு பெயரால் எவ்வளவு ஆகிறது என்பதை ஜப்பான் உணர்ந்தது. அங்கே இந்த நோய்க்குப் புழங்கிய பழைய சொல்லில் மந்தபுத்தி என்ற பொருள் கலந்திருந்தது. அந்தச் சொல்லோடு தன் அப்பாவையோ அம்மாவையோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக யாருக்குத்தான் மனம் வரும்? 2004இல் அரசே அதை விலக்கிவிட்டு, அறிதல் குறைபாடு என்ற பொருளில் புதுச் சொல்லைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே, இந்த நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது, எப்படி உதவுவது என்று கடைக்காரர்களுக்கும் வங்கி ஊழியர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரும் இயக்கம் தொடங்கியது. இன்று அங்கே கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.

இங்கே என்ன நிலைமை? வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு அதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. 1998இல் கொச்சியில் கூடிய மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயரே ஒரு கணக்கு: 10/66. டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள். அந்த நோய் பற்றிய ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை. இந்தக் குழு லத்தீன் அமெரிக்கா, சீனா, இந்தியா என்று பல நாடுகளில் வீடு வீடாகப் போனது. இந்தியாவில் தேர்ந்தெடுத்த இடங்கள் சென்னையும் வேலூர்க் கிராமங்களும். 2008இல் முடிவுகள் வெளிவந்தன. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வழக்கமான இலக்கணப்படி எண்ணினால், வேலூர்க் கிராமங்களில் 65 வயதைக் கடந்தவர்களில் வெறும் 0.3 சதவீதம் பேருக்குத்தான் டிமென்ஷியா. ஆயிரத்துக்கு மூன்று பேர். ஆய்வு நடந்த இடங்களிலேயே மிகக் குறைவான எண் அதுதான்.

நம் ஊர் மண்ணுக்கும் மிளகு ரசத்துக்கும் மறதி அண்டாது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம் போலத் தோன்றும். ஆனால் அதே குழு, படிப்பறிவும் பண்பாடும் குறுக்கே வராதபடி தானே வடிவமைத்த சோதனையை வைத்துப் பார்த்தபோது, எந்த நாட்டின் எந்த இடத்திலும் எண்ணிக்கை ஐந்து சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. நோய் இருந்தது. வீட்டார் அதை நோயாகச் சொல்லவில்லை. "பெரியவருக்கு ஏதாவது சிரமம் உண்டா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்ற பதில்தான் வந்தது. கிராமத்துக் கூட்டுக் குடும்பத்தில் சமையலை மருமகள் பார்க்கிறாள், வரவு செலவை மகன் பார்க்கிறான், கூட்டிக்கொண்டு போக பேரன் இருக்கிறான். பெரியவர் எதைச் செய்ய முடியாமல் போனார் என்பது வெளியே தெரியவே வாய்ப்பில்லை.

அதன் பிறகு நாடு முழுக்க முதியோரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா. ஏறக்குறைய 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். பாதாம் பருப்பும் மூளைப் பயிற்சிச் செயலியும் வாங்க முடிகிற நகரத்து வர்க்கத்தின் கவலையாகவே இந்த நோய் இங்கே பேசப்படுகிறது. நோய் அதிகம் தங்கியிருப்பதோ பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கிராமத்துப் பெண்ணிடம். நாட்டில் கேரளத்துக்கு அடுத்து முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் தமிழ்நாடு. 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18.2 ஆகும் என்பது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணிப்பு. குழந்தைகளைக் குறைத்து, ஆயுளைக் கூட்டி வென்ற மாநிலம் அந்த வெற்றியின் அடுத்த பக்கத்தைப் படித்தாக வேண்டியிருக்கிறது.

டிமென்ஷியா ஒற்றை நோயல்ல. காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அடையாளம். உள்ளே காரணம் வேறு வேறாக இருக்கும். பத்தில் ஆறு ஏழு பேருக்குக் காரணம் அல்சைமர். 1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு ஔகுஸ்ட டேட்டர் என்ற பெண்மணியைச் சேர்த்தார்கள். வயது 51தான். முதலில் வந்தது மறதிகூட இல்லை. கணவர் மேல் காரணமில்லாத சந்தேகம். பிறகுதான் வீட்டு வேலை தடுமாறி, பேச்சு தடுமாறி, கடைசியில் தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடும் நிலை வந்தது. அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906இல் அந்தப் பெண்மணி இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நரம்பணுக்களுக்கு வெளியே கட்டிகட்டியாகப் படிந்த கழிவும், உள்ளே சிக்கலாகிக் கிடந்த நூலிழைகளும் தெரிந்தன. வெளியே படிந்தது அமைலாய்டு, உள்ளே சிக்கியது டாவ். இரண்டும் புரதங்கள் என்று பிற்காலத்தில் கண்டறிந்தார்கள். அந்தப் பெண்மணியின் சந்தேகமும், தோட்டைத் தேடும் நம் பாட்டியின் சந்தேகமும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை. அதைப் பாட்டியின் குணக்கேடு என்று நினைத்து எத்தனை வீடுகள் பேச்சுவார்த்தை முறிந்து கிடக்கின்றன!

அடுத்த பெரிய காரணம் ரத்தக்குழாய். பெரிய பக்கவாதம் வந்து கை கால் விழுந்தால் எல்லோருக்கும் தெரிகிறது. மூளைக்குள் மயிரிழை போன்ற குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டால் யாருக்கும் தெரிவதில்லை. சிந்தனை மெதுவாகிறது, நடை தளர்கிறது, முடிவெடுக்க முடியாமல் போகிறது. வயதானவர்கள் பலருக்கு அல்சைமரும் இதுவும் கலந்தே இருக்கும். இல்லாத ஆளும் குழந்தையும் கண்ணுக்குத் தெரிகிற லூயி பாடி வகை உண்டு. நினைவு நன்றாக இருக்க, குணமும் பேச்சும் முதலில் மாறிவிடும் முன்மூளை வகையும் உண்டு. நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு வந்திருப்பதாக அவர் குடும்பம் 2023இல் அறிவித்தது இந்த வகையைத்தான்.

இவை தவிர, டிமென்ஷியா போலவே வந்து, சரிசெய்துவிடக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. "வயசாச்சு" என்று சொல்லிக் கைவிட்டவர்களில் இவர்களும் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி12 வைட்டமின் குறைந்தாலும் நினைவு மங்கும். பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் பி12 இருக்கிறது. பல்லில்லாமல் கஞ்சியும் ரசமுமாகக் காலம் தள்ளும் முதியவருக்கு அது குறைவதில் வியப்பில்லை. ரத்தத்தில் சோடியம் இறங்கினால் ஆள் திடீரென்று பிதற்றுவார். சிறுநீர்த் தொற்று வந்தால் ஒரே நாளில் மகனையே அடையாளம் தெரியாமல் போகலாம். மனச்சோர்வு மறதியின் வேடத்தில் வரும். சளிக்கும் தூக்கத்துக்கும் சிறுநீர் அவசரத்துக்கும் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் சில மாத்திரைகளே முதியவர்களின் மூளையை மந்தமாக்கும். குளியலறையில் வழுக்கித் தலையை லேசாக இடித்துக்கொண்ட பெரியவருக்கு, எல்லோரும் அந்த விழுதலை மறந்த மூன்றாவது வாரத்தில், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெல்லக் கசிந்த ரத்தம் அழுத்தித் தடுமாற்றம் வரலாம். ஒரு ஸ்கேன் எடுத்து, ரத்தத்தை வெளியேற்றினால் பலர் தேறிவிடுகிறார்கள். இரண்டு மூன்று ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் ஒரு மனிதரைத் திருப்பித் தருமென்றால், அதைச் செய்யாமல் விடுவதற்குப் பெயர் பக்குவமல்ல, அலட்சியம்.

உண்மையான டிமென்ஷியாவைக் குணப்படுத்த மருந்து இல்லை. அமைலாய்டைக் கழுவி வெளியேற்றும் லெகனெமாப், டொனனெமாப் என்ற இரு ஊசி மருந்துகளுக்கு 2023, 2024 ஆண்டுகளில் அமெரிக்கா அனுமதி தந்தது. நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு அவை வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன. சிலருக்கு மூளையில் வீக்கமும் கசிவும் வருகின்றன. அறிவியலுக்கு அது பெரிய படி. கிராமத்துப் பாட்டிக்கு அதனால் இன்றைக்கு ஆவது ஒன்றுமில்லை.

அவர் மகளுக்கு ஆவது இருக்கிறது. அல்சைமரின் புரதங்கள், முதல் மறதிக்குப் பதினைந்து இருபது வருடங்களுக்கு முன்பே சேரத் தொடங்கிவிடுகின்றன. எழுபதில் தெரியும் நோயின் வேர் ஐம்பதில் இருக்கிறது. லண்டன் பேராசிரியர் ஜில் லிவிங்ஸ்டன் தலைமையில் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017இலிருந்து இதைத்தான் கணக்கிட்டுவருகிறது. 2024 அறிக்கையில் மாற்றக்கூடிய ஆபத்துகள் பதினான்கைச் சொன்னது. சிறுவயதில் படிப்பில்லாமை, செவித்திறன் இழப்பு, ரத்தத்தில் கெட்ட கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, உடல் பருமன், உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம், காற்று மாசு, சரிசெய்யாத பார்வைக் குறைவு. இவையெல்லாம் முழுதாக ஒழிந்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது மதிப்பீடு. தனி ஒருவருக்கு இது உத்தரவாதமல்ல. எல்லாம் ஒழுங்காகச் செய்தவருக்கும் நோய் வரலாம். வந்தவர் எதையோ செய்யத் தவறினார் என்று குற்றம் சாட்ட இந்த எண்ணை யாரும் பயன்படுத்தக் கூடாது. ஊருக்கும் நாட்டுக்குமான கணக்கு இது.

அந்தப் பதினான்கில் கெட்ட கொழுப்போடு சேர்ந்து முதலிடத்தில் நிற்பது பலரும் எதிர்பார்க்காத ஒன்று: காது. நடுவயதில் காது மந்தமானால் மூளைக்குப் போகும் ஒலி குறைகிறது. பாதி கேட்டதை வைத்து மீதியை ஊகிக்கவே மூளையின் சக்தி செலவாகிறது. கல்யாண வீட்டில் நாலு பேர் பேசும் இடத்தில் உட்கார முடியாமல், ஆள் மெல்ல ஒதுங்கித் தனியறைக்குள் போகிறார். பேச்சு குறைய, மூளைக்கு வேலை குறைகிறது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரில் பாதிப் பேருக்குக் காது கேட்கும் கருவியைக் கொடுத்து மூன்று வருடம் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே இதய நோய் போன்ற ஆபத்துகள் கூடுதலாக இருந்த பிரிவினரிடம், சிந்தனைத் திறன் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. கருவி எல்லோருக்கும் மந்திரமல்ல. ஆபத்து அதிகமுள்ளவருக்கு அது வெறும் வசதியும் அல்ல.

தமிழ்நாட்டில் இதைப் படிக்கும்போது விசைத்தறிகள் நினைவுக்கு வராமல் இருக்காது. சோமனூரிலும் பள்ளிபாளையத்திலும் பத்துப் பன்னிரண்டு தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்துக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அங்கே முப்பது வருடம் நின்றவர்கள் சைகையிலேயே பேசப் பழகியவர்கள். வீட்டுக்கு வந்தும் டிவியைச் சத்தமாக வைப்பார்கள். தெரு முழுக்கக் கேட்கும். நூற்பாலையிலும் பட்டறையிலும் இதே கதை. அவர்களின் காது போவது தொழிலோடு வந்த விதியாகப் பார்க்கப்படுகிறது. காதடைப்பானைத் தர வேண்டிய முதலாளியின் கடமையாகப் பார்க்கப்படுவதில்லை. போன பிறகும், கண்ணாடி போட வெட்கப்படாத நாட்டில் காதுக் கருவி மாட்ட வெட்கம். செவிடு என்பது இன்னும் வசைச் சொல்லாகவே இருப்பதால்தான் அந்த வெட்கம்.

அடுத்தது ரத்த அழுத்தம். ஆணையத்தின் கணக்கில் அதற்குத் தனியாகக் கிடைத்திருக்கும் பங்கு 2 சதவீதம்தான். அதை வைத்து எடைபோட்டுவிட முடியாது. பக்கவாதமும் அதிலிருந்து, சின்னக் குழாய் அடைப்பும் அதிலிருந்து. அதோடு, எதைச் செய்தால் டிமென்ஷியா உண்மையாகவே குறைகிறது என்பதற்குப் பெரிய அளவில் நேரடிச் சான்று இருப்பது இதற்கு. சீனாவில் 326 கிராமங்களில், 40 வயதைக் கடந்து பிரஷர் உள்ள கிட்டத்தட்ட 34,000 பேரை வைத்து நடந்த சோதனை அது. பாதிக் கிராமங்களில் வழக்கமான சிகிச்சை. மீதிக் கிராமங்களில், பட்டம் பெறாத கிராமத்து வைத்தியப் பணியாளர்களுக்கே பயிற்சி தந்து, விலை குறைந்த பழைய மாத்திரைகளைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கவும், உப்பைக் குறைக்கச் சொல்லவும், வீட்டிலேயே அளந்து பார்க்கப் பழக்கவும் செய்தார்கள். நான்கு வருட முடிவில் அங்கே டிமென்ஷியா 15 சதவீதம் குறைவு. 2025இல் முடிவு வெளியானது. புது மருந்து இல்லை, ஸ்கேன் இல்லை, நரம்பியல் நிபுணர்கூட இல்லை.

இதைப் படிக்கும் எந்தத் தமிழருக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' நினைவுக்கு வர வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி, பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வழியாகப் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் திட்டம்; 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் பெற்றது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்று நினைத்துத் தரப்படும் அந்த மாத்திரை அட்டை, மறதிக்கு எதிராக இந்த மாநிலத்தின் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம். இதைத் தன்னார்வலரிடமும் சொல்லவில்லை, மாத்திரை வாங்குகிறவரிடமும் சொல்லவில்லை. தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடும் ஐம்பது வயதுக்காரரிடம், "இதை விட்டா நாளைக்குப் பேரன் பேரே மறந்துரும்ணே" என்று உரிமையோடு சொன்னால் அவர் கேட்பார். மாரடைப்பைவிட, பிள்ளைகளுக்குப் பாரமாவதுதான் நம் மக்களுக்குப் பெரிய பயம்.

பள்ளிக்கூடத்துக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகளை டேவிட் ஸ்னோடன் என்பவர் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்தார். இறந்தபின் மூளையைத் தானம் செய்யவும் அவர்கள் சம்மதித்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான சிஸ்டர் மேரி 101 வயது வரை வாழ்ந்தார், சோதனைகளில் தெளிவாகப் பதில் சொன்னார். அவர் மூளையைப் பார்த்தால் அல்சைமரின் அடையாளங்கள் நிறைய. நோய் உள்ளே இருந்தும் வெளியே வரவில்லை. ஒரு வாய்க்கால் தூர்ந்தாலும் மறு வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல் போல, படிப்பும் வாழ்நாள் பழக்கமும் மூளைக்குள் பல பாதைகளை வெட்டி வைத்துவிடுகின்றன. கிராமத்துப் பெண்களிடம் இந்த நோய் அதிகம் என்பதன் ஒரு காரணம் இங்கே இருக்கிறது: தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆடு மேய்க்கவும் தங்கையைத் தூக்கவும் அக்காளை நிறுத்திக்கொண்ட வீடுகள். காமராசர் காலத்து மதிய உணவும் இன்றைய காலை உணவும் பசிக்காக வந்தவை. வகுப்பில் உட்கார வைத்த ஒவ்வொரு சிறுமிக்கும் அவை அறுபது வருடத்துக்குப் பிறகான நினைவையும் சேர்த்துத் தருகின்றன.

படிக்காதவர்களுக்கு வழி மூடிவிட்டதா என்றால் இல்லை. ஹைதராபாத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு, உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. தெலுங்கும் உருதுவும் சந்தையிலும் வீட்டிலும் மாறிமாறிப் பேசியதே போதுமானதாக இருந்திருக்கிறது. ஓசூரிலும் கம்பத்திலும் நாகர்கோவிலிலும் அப்படிப் பேசுகிறவர்கள் நிறைய உண்டு.

மற்றவற்றைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஒன்றிரண்டு மட்டும். ஹெல்மெட் உயிருக்கு மட்டுமல்ல, நினைவுக்கும் காவல். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போகும் பெண்ணின் தலைக்கும் அது வேண்டும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே தட்டில் இருந்தால் அந்த அளவு மதியமே முடிந்துவிடும். கண்புரையை முற்றட்டும் என்று தள்ளிப்போடும் பழைய பழக்கத்தை விட்டுவிடலாம். நினைவுக்கு என்று விற்கும் மாத்திரைகளில் பணத்தைக் கொட்ட வேண்டாம்: உலகம் முழுக்க விற்ற கிங்கோ இலைச் சாற்றை 3,069 முதியவர்களிடம் சோதித்து, டிமென்ஷியாவை அது தடுக்கவில்லை என்று 2008இலேயே அறிவித்துவிட்டார்கள். வல்லாரைத் துவையலை ருசிக்காகச் சாப்பிடுவதில் தப்பில்லை. பலன் தெரிந்தது வேறு இடத்தில். பின்லாந்தில் மியா கிவிபெல்டோ குழுவினர், ஆபத்துள்ள 1,260 முதியவர்களில் பாதிப் பேருக்கு நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிரஷர்-சர்க்கரைக் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டு வருடம் கொடுத்தார்கள். அவர்களின் சிந்தனைத் திறன் மற்றவர்களைவிட மேம்பட்டது.

நோய் வந்துவிட்ட வீட்டுக்கு இதெல்லாம் ஆறுதல் ஆகாது. அங்கே வேண்டியது வேறு. சோறு போடவில்லை என்று பாட்டி சொல்லும்போது "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று வாதாடினால் அவருக்கு அது அவமானமாகவே படும். "இதோ உலை கொதிக்குது அத்தை, அதுவரைக்கும் இந்த வாழைப்பழத்தைச் சாப்பிடுங்க" என்றால் அந்த வேளை கடந்துவிடும். இதை யார் அந்த மருமகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்? பார்த்துக்கொள்கிறவர் ஒரு நாள் அம்மா வீட்டுக்குப் போய்வர, பெரியவரைப் பகலில் விட்டுச்செல்லும் இடம் எந்த ஒன்றியத்தில் இருக்கிறது? 14567 என்ற முதியோர் உதவி எண் இருப்பதே எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பெண்தான். அவருக்கே பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்து, அடுத்த நோயாளியாகத் தயாராகிக்கொண்டிருப்பார். மாவட்டத்துக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு இல்லமும், அரசு மருத்துவமனையில் வாரத்துக்கு ஒரு நாள் நினைவாற்றல் வெளிநோயாளர் பிரிவும் முதியோர் பெருகும் மாநிலத்துக்கு ஆடம்பரமல்ல.

அதுவரை காத்திருக்காமல், அடுத்த மாதமே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்து கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்க்கும் அதே தன்னார்வலர், முடித்ததும் எழுந்து அந்த அம்மாவின் பின்னால் ஒரு கை தூரத்தில் நிற்கலாம். ஒரு காதை அவரையே பொத்திக்கொள்ளச் சொல்லி, மறு காதுக்கு நாலு சொற்களைக் கிசுகிசுக்கலாம்: மாடு, பூட்டு, மழை, தேங்காய். பிறகு அடுத்த காது. உலகச் சுகாதார நிறுவனமே முதியோருக்குப் பரிந்துரைக்கும் சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். சொற்களைச் சரியாகத் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால், ஏற்கெனவே பையிலிருக்கும் நோட்டில் பிரஷர் எண்ணுக்குப் பக்கத்தில் 'காது' என்று எழுதி, ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த நோட்டில் இப்போது அதற்கு ஒரு கட்டம் இல்லை.